நடு அத்தியாயம் இல்லாத வீடு

பழைய வீட்டை ஹோட்டலாக்குகிறவருக்கும் சரித்திர நாவல் எழுதுகிறவருக்கும் தொழில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பேருமே போய்விட்ட காலத்தை எடுத்துத் தூசி தட்டி, விளக்கேற்றி வைத்து, "உள்ளே வாருங்கள், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்" என்று அந்நியர்களைக் கூப்பிடுகிறார்கள். வந்தவர்களிடம் காசும் வாங்கிக்கொள்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. எழுத்தாளனும் சாப்பிடவேண்டும், ஹோட்டல்காரரும் சாப்பிடவேண்டும். ஆனால் காசு கொடுத்தவருக்குச் சில கேள்விகள் கேட்க உரிமை உண்டு. ஒரு சரித்திர நாவலைக் கையிலெடுத்தால் நாம் என்ன கேட்கிறோம்? யாரைக் கதாநாயகனாக்கியிருக்கிறார்? யாரை வெறும் கூட்டமாக நிறுத்தியிருக்கிறார்? எதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டார்? இதே கேள்விகளை அந்த ஹோட்டல்களிடமும் கேட்டுப் பார்ப்பது வீண் வேலையல்ல என்பது என் அபிப்பிராயம்.

நான் சொல்லுவது நட்சத்திரக் கணக்குப் போட்டுக்கொண்டு வானத்தை முட்டும் பெரிய ஹோட்டல்களை அல்ல. இப்போது 'பூட்டிக் ஹோட்டல்' என்று ஒரு ரகம் இருக்கிறது. பூட்டிக் என்பது பிரெஞ்சுச் சொல். சின்னக் கடை என்று அர்த்தம். 1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் என்ற ஹோட்டல் திறந்தபோது, அதன் அதிபர்களில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல், மற்ற ஹோட்டல்களை எல்லாச் சாமானும் விற்கும் பெரிய கடைகளுக்கும், தம்முடையதை இந்தச் சின்னக் கடைக்கும் ஒப்பிட்டுப் பேசினாராம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அறைகள் பத்தோ இருபதோதான் இருக்கும். ஒன்றைப்போல் இன்னொன்று இராது. வாடகை மட்டும் பெரிய ஹோட்டலை விடக் குறைவாக இருக்கவேண்டும் என்று ஒரு நியதியும் இல்லை. வசதியை எந்த ஹோட்டலும் விற்கும். இது ஒரு இடத்தின் குணத்தை விற்கிறேன் என்கிறது.

இந்த ரகத்திற்கு மிகவும் பிடித்தமான இடம் பழைய துறைமுகப் பேட்டை. இலங்கையில் காலிக் கோட்டை, கேரளத்தில் கொச்சிக் கோட்டை, மலேசியாவில் மலாக்கா, பினாங்கு என்று எங்கே பார்த்தாலும் இதே கதைதான். காரணம் எளியது. கப்பல்கள் பெருத்துவிட்டன, சரக்கு இரும்புப் பெட்டிகளில் வரத் தொடங்கிவிட்டது, துறைமுகம் ஆழமான தண்ணீரையும் அகன்ற நிலத்தையும் தேடிப் போய்விட்டது. பின்னால் விட்டுவிட்டுப் போனது கிட்டங்கிகளும், வர்த்தகர் மாளிகைகளும், குறுகலான கடைவீடுகளும். தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் முற்றம், நல்ல மரம், கூப்பிடு தூரத்தில் கடல். ஹோட்டல் கட்ட நினைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பேச்சைப் பொதுவாகவே நடத்திக்கொண்டு போனால் பிரயோஜனமில்லை. பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனை எடுத்துக்கொள்ளலாம். நமக்கு அது முழுக்க அந்நியமான ஊரும் அல்ல.

1786இல் பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கொடி நாட்டிய ஊர் அது. சுங்கம் இல்லாத துறைமுகம் என்று அறிவித்தார்கள். நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். சீனாவின் தென்பகுதியிலிருந்து வந்தார்கள், சுமத்திராவிலிருந்து வந்தார்கள், அரபு நாட்டவரும் ஆர்மீனியரும் வந்தார்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து சுலியா முஸ்லிம்கள் வந்தார்கள். அவர்கள் பெயரால் இன்றும் அங்கே சுலியா தெரு இருக்கிறது. 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1833இல் அமைந்த மகாமாரியம்மன் கோயிலும் சற்றுத் தள்ளி இருக்கிறது. மிளகு, பிறகு ஈயம், பிறகு ரப்பர் என்று பண்டங்கள் மாறினாலும், மூட்டை தூக்கிய தோள்களில் தமிழ்த் தோள்கள் எப்போதும் இருந்தன.

இந்த ஊரின் லீத் தெருவில் ஒரு நீல வீடு இருக்கிறது. சியோங் ஃபாட் ஸீ மாளிகை என்று பெயர். 1840இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஏழையாகப் பிறந்து, வாலிபத்தில் பட்டேவியாவுக்குக் கப்பலேறி, வியாபாரத்தில் கோடீசுவரரானவர் சியோங். பினாங்கில் சீனப் பேரரசின் துணைத் தூதுவராகவும் இருந்தவர். சீனாவில் 1892இல் சாங்யூ என்ற திராட்சை மதுச்சாலையைத் தொடங்கியவரும் அவரே. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் கட்டிய இந்த வீட்டில் 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள். வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தன. தரைக்குப் பதித்த ஓடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. மரச் சித்திர வேலையும், பீங்கான் கிண்ணங்களை நறுக்கி ஒட்டிச் செய்யும் கூரைப் பதுமைகளும் சீனக் கைவேலை. சுவரின் நீலம் நம் நாட்டு அவுரி. சுண்ணாம்பு நீரில் கலந்து அடித்தது. அந்த நாளில் அவுரி சென்னை மாகாணத்திலிருந்தும் ஏராளமாக ஏற்றுமதியாயிற்று.

சியோங் 1916இல் காலமானார். கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று உயிலில் எழுதிவைத்திருந்தார். அந்தக் கடைசி மகன் இறந்தது 1989இல். அதற்குள் வீடு சீர்குலைந்துவிட்டது. பல குடும்பங்கள் அறை அறையாகக் குடியிருந்தன. பிறகு பினாங்கைச் சேர்ந்த ஒரு கட்டடக் கலைஞரும் அவருடைய நண்பர்களும் அதை வாங்கி, ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டு, ஹோட்டலாக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் வட்டாரத்தில் மரபுக் கட்டடப் பாதுகாப்புக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்தபோது, முதல் ஆண்டிலேயே உயர்ந்த பரிசு இந்த வீட்டுக்குப் போயிற்று.

அந்தப் பரிசு தகுதியறிந்து கொடுத்த பரிசு என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். விமரிசனம் என்றாலே குற்றப்பத்திரிகை என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது எனக்குச் சம்மதமில்லை. பழைய வீட்டைச் செப்பனிடுவதில் எத்தனை பொய் சொல்லலாம் என்பது நமக்குத் தெரியாததா? சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி மெருகேற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்து உதிர்ந்துவிடும். பார்வைக்குப் புதிசு, உள்ளே புற்று. எத்தனை கோயில்களில், எத்தனை செட்டிநாட்டு வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறோம்! நீல வீட்டில் அந்தப் பொய் இல்லை. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு, அவுரிக்கு அவுரி. பீங்கான் வேலை தெரிந்த ஆட்களைச் சீனாவிலிருந்தே வரவழைத்துச் செய்திருக்கிறார்கள். நாவல் பாஷையில் சொன்னால், ஆசிரியர் தம் காலகட்டத்தை ஆராய்ந்து படித்திருக்கிறார். பாத்திரத்தின் இடுப்பில் அந்த நூற்றாண்டில் இல்லாத வாளைச் செருகவில்லை. இந்த வகையில் இது முதல் தரமான படைப்பு.

முதல் தரமான படைப்பைத்தான் கடுமையாகவும் பரிசீலிக்கவேண்டும். மட்டமான நாவலைத் திட்டி யாருக்கு என்ன லாபம்? ஆகவே இனிமேல் நான் சொல்லப்போவது இந்த ஒரு வீட்டின்மேல் உள்ள குறையல்ல. மிகச் சிறந்த உதாரணத்தில்கூட இந்த ரகத்தின் எல்லை எங்கே தெரிகிறது என்பதுதான் விஷயம்.

முதலாவது, கதாநாயகன் யார் என்ற கேள்வி. மாளிகை ஹோட்டல்களில் தங்கப் போகிறவருக்கு ஒரு வேஷம் காத்திருக்கிறது. அது வீட்டுக்காரர் வேஷம். அகலமான கட்டிலும், முற்றத்தைப் பார்த்த நாற்காலியும், கூப்பிட்ட குரலுக்கு ஆளும் அவருக்கு. இந்த நாடகத்தில் வேலைக்காரனாக நடிக்கக் காசு கொடுத்து யாரும் வருவதில்லை. வேலைக்காரன் வேஷத்தைச் சம்பளம் வாங்குகிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். நீல வீட்டுக்கு எதிர்வரிசையில் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகள் சியோங் தம்முடைய சிப்பந்திகளுக்கும் வேலைக்காரர்களுக்குமாகக் கட்டியவை என்பார்கள். அவை பின்னாளில் மதுக்கடையும் சாப்பாட்டுக்கடையும் ஆயின. எஜமானின் வீட்டில் படுக்கை. சிப்பந்தியின் வீட்டில் கேளிக்கை. திட்டமிட்டு யாரும் இப்படிச் செய்யவில்லைதான். ஆனால் ஒரு காலத்தின் எந்தப் பகுதிக்கு விலை உண்டு, எந்தப் பகுதிக்கு இல்லை என்பதைத் தெருவே எழுதிக் காட்டிவிடுகிறது.

துறைமுகப் பேட்டையில் வந்து தங்கியவர்கள் எல்லாரும் கோடீசுவரர்களா என்ன? தங்குவது என்பதுதான் அந்தப் பேட்டையின் ஆதித் தொழில். அங்கே பெரும்பாலோர் வந்து தங்கிப் போனவர்கள். சீனக் கூலிகள் கடைவீட்டு மாடிகளில் பலகைத் தடுப்புகளுக்கிடையே நெருக்கியடித்துப் படுத்தார்கள். பினாங்குத் தெருவில் நம் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெட்டியடி. காலையில் அந்தப் பெட்டிமுன் உட்கார்ந்து லட்சக்கணக்கில் வட்டிக்கு விட்ட ஏஜெண்டு, இரவில் அதே பெட்டியடியில் பாயை விரித்துப் படுத்தார். சாப்பாடு பொதுச் சமையல். மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை பெண்டு பிள்ளைகளைப் பாராமல் இருந்துவிட்டுக் கப்பலேறுவார்; அடுத்தவர் வந்து அதே பாயிடத்தில் படுப்பார். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது இன்றும் அந்தத் தெருவிலிருந்துதான்.

யோசித்துப் பாருங்கள். பணம் புழங்கிய இடம். ஆனால் ஆடம்பரம் இல்லாத இடம். துறைமுகத்தில் தங்குவதென்றால் என்ன என்பதற்கு அந்தக் கூடத்தைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. பாயில் படுத்துத் தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் அனுபவத்துக்கு யாரும் இரவு வாடகை கொடுக்கமாட்டார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். அதைத்தான் நானும் சொல்லுகிறேன். ஹோட்டல் என்ற வடிவம் சௌகரியமான சரித்திரத்தை மட்டுமே சுமக்க முடியும். நாவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாயில் படுத்தவனைப் பற்றி எழுதினாலும், நல்ல எழுத்தாயிருந்தால் வாசகர் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்துக் கண்ணீர் விடுவார்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. இந்த ஹோட்டல்கள் சொல்லும் கதைகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டுக்கோப்பு. முதல் அத்தியாயம்: ஒரு பெரிய மனிதர் இந்த வீட்டைக் கட்டினார். கடைசி அத்தியாயம்: ரசனையுள்ள சிலர் பாழடைந்து கிடந்த இதை மீட்டார்கள். நடுவில்? நடுவில் ஒரு வாக்கியம் இருக்கும். "காலப்போக்கில் வீடு சிதைந்தது." அந்த வாக்கியத்துக்குள் அறுபது எழுபது வருஷங்களும், அத்தனை குடித்தனங்களும் அடங்கிவிடும். அவர்கள் பெயரில்லாதவர்கள், ஒழுகலையும் கரையானையும் போல அவர்களும் சிதைவின் ஒரு பகுதி. வீடு நோயாளி, செப்பனிட்டவர் வைத்தியர் என்றால், குடியிருந்தவர்கள்தான் நோய்!

ஜார்ஜ் டவுனின் உண்மையான நாவல் இந்த நடு அத்தியாயத்தில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

யுத்தத்துக்குப்பின் வீட்டுப் பஞ்சம் வந்ததும், குடியிருப்பவர்களைக் காப்பாற்ற வாடகைக்கு உச்சவரம்பு கட்டினார்கள். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இதை உறுதிப்படுத்தியது. சென்னையிலும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நெடுங்காலம் இருந்ததால் இந்த வழக்குகளின் ருசி நம் வாசகர்களுக்குத் தெரியும். இதற்கிடையில் 1969இல் பினாங்குத் தீவு சுங்கமில்லாத் துறைமுகம் என்ற சலுகையை இழந்தது. சரக்குப் போக்குவரத்து எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கு நகர்ந்தது. வர்த்தகம் தேய்ந்தது, பழைய பேட்டை அப்படியே நின்றுவிட்டது. சொற்ப வாடகை வருகிற வீட்டை எந்தச் சொந்தக்காரர் செப்பனிடுவார்? குடியிருப்பவரைக் கிளப்ப முடியாதபோது எப்படி இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவார்? ஆக, மற்ற நகரங்களில் பழைய வீதிகளெல்லாம் தரைமட்டமாகிக்கொண்டிருந்த காலத்தில், ஜார்ஜ் டவுன் ஓடு ஒழுகிக்கொண்டு, ஆனால் விழாமல் நின்றது. தையற்காரரும், சவப்பெட்டி செய்பவரும், மூங்கில் தட்டி முடைபவரும், தோசைக்கடைக்காரரும் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக வாழ்ந்தார்கள்.

அந்த வாழ்க்கையைப் பொன்னுலகம் என்று சொல்லுவதற்கில்லை. ஒரே வீட்டில் நாலைந்து குடும்பம், ஒரு குளியலறை, மழைக்குப் பாத்திரம் வைக்கும் மாடி. ஏழ்மையைத் தூரத்திலிருந்து அழகு பார்க்கிற காரியம் என்னால் ஆகாது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அந்த வீதிகளைக் காப்பாற்றியது யாருடைய ரசனையும் அல்ல. அங்கே குடியிருந்த ஏழைகளின் பிடிவாதமும் ஒரு சட்டத்தின் ஓரவஞ்சனையும் சேர்ந்து காப்பாற்றின. கதையில் நோய் என்று சொல்லப்பட்டவர்களே உண்மையில் உயிரைப் பிடித்து வைத்திருந்தவர்கள்.

1997இல் அந்தச் சட்டத்தை ரத்துச் செய்யத் தீர்மானித்து, 1999 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்தது, வாடகைகள் எழும்பின, ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டினார்கள். நீல வீட்டுக்கு யுனெஸ்கோ பரிசு வந்த ஆண்டும் அதுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செய்திகள்; ஆனால் நாவலாசிரியனாக இருந்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில்தான் எழுதுவான்.

அடுத்து நடந்தது எந்தக் கற்பனைக்காரனுக்கும் தோன்றாதது. மனிதர்கள் காலி செய்துபோன பல வீடுகளில் பறவைகள் குடியேறின. உழவாரக் குருவி எச்சிலால் கட்டும் கூட்டுக்குச் சீனச் சந்தையில் நல்ல விலை. ஜன்னல்களை அடைத்து, உள்ளே இருட்டாக்கி, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் போட்டுக் குருவிகளை வரவழைத்தார்கள். குடும்பம் கொடுத்த வாடகையைவிடக் குருவி கொடுத்த வாடகை அதிகம்! சுவர்களுக்கும் சுகாதாரத்துக்கும் கேடு என்று கண்டு, 2013 முடிவுக்குள் பழைய நகரத்திலிருந்து அவற்றை அகற்றவேண்டும் என்று மாநில அரசு கெடு வைத்தது.

அதற்கு முன்னதாகவே, 2008 ஜூலையில், மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்திருந்தது. கட்டடங்களுக்காக மட்டும் கொடுத்த பட்டமல்ல அது. பல இனத்தார் பல சமயத்தார் கூடி வாழும் வாழ்க்கைக்கும் சேர்த்துக் கொடுத்த பட்டம். பட்டம் வந்ததும் நிலத்தின் விலை ஏறிற்று. கடைவீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டல்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. வாழ்க்கைக்காகக் கிடைத்த பட்டம், வாழ்ந்தவர்களுக்குக் கட்டுப்படியாகாத வாடகையாகத் திரும்பி வந்தது. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் கொடுத்த தொகை ஓர் இரவுக்கு வாடகை என்றால், அந்தக் குடும்பம் அங்கே எப்படித் தங்கும்?

இது ஏதோ புள்ளிவிவர விவகாரம் என்று ஒதுக்கிவிடமுடியாது. அந்த ஊரில் ஒரு கடைவீட்டு ஹோட்டலில் நான் சில நாட்கள் இருந்தேன், பெயர் வேண்டாம். மாடிப்படித் திருப்பத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பழுப்பேறிய காகிதத்தை மாட்டியிருந்தார்கள். பழைய கடைக் கணக்கில் கிழித்த ஏடு; தமிழ்க் கணக்கு. அரிசி, மண்ணெண்ணெய், படகுக் கூலி என்று ஓடியது. தொகைகள் தமிழ் எண்களில் இருந்தன. ஒருவர் பெயருக்கு எதிரே 'பற்று' என்று எழுதியிருந்தது. அதைப் படிக்க நான் தலையைக் கீழாகச் சாய்க்க வேண்டியிருந்தது. காரணம், அதைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.

வாசலில் பெட்டி தூக்கி வைக்கும் தமிழ் இளைஞரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"எனக்குத் தமிழ் பேச வரும், ஐயா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் பார்க்கவே இல்லை" என்றார். பிறகு சொன்னார்: "எங்க பாட்டி இதே வரிசையிலேதான் குடியிருந்தாங்க, ஐயா. வாடகை ஏத்திட்டாங்கன்னு கிளம்பிட்டாங்க. இப்ப நாங்க ஆயர் ஈத்தாம் பக்கம், ஃபிளாட்டுலே. நான் தினம் பஸ்ஸிலே வந்து போறேன்."

சொல்லிக்கொண்டே ஆணியிலிருந்து சட்டத்தை எடுத்து நிமிர்த்தி மாட்டினார். "மேனேஜர் கேட்டா, ஐயாதான் சொன்னாருன்னு சொல்லிக்கிறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஹோட்டல்காரர்களை நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது அழகான கோடுகள் போட்ட காகிதம். சுவருக்கு நிறமாகப் பொருந்தியது. ஆனால் குணத்தை விற்கிறேன் என்று சொல்லுகிற கடையில், அந்தக் குணத்தின் எழுத்து எந்தப் பக்கம் மேல் என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இருந்த ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. சரித்திர நாவல்களிலும் இதே நோய் உண்டு. கிரீடமும் கேடயமும் பக்கத்துக்குப் பக்கம் மின்னும். பாத்திரத்தின் மனம் மட்டும் நேற்றுப் பிறந்ததாக இருக்கும். சாமான்கள் பழசாக இருந்தால் காலமும் வந்துவிடும் என்ற மயக்கம்தான் இரண்டுக்கும் மூலம்.

மனிதர் வெளியேறிய வீடு எந்த வேஷத்தையும் மறுக்காது என்பதற்கு நீல வீடே சாட்சி. 1992இல் வந்த 'இந்தோஷீன்' என்ற பிரெஞ்சுப் படத்துக்காக அங்கே காட்சிகள் எடுத்தார்கள். கதை நடப்பது பிரெஞ்சு ஆட்சிக்கால வியட்நாமில். 2018இல் வந்த 'கிரேசி ரிச் ஏஷியன்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் இரண்டு பெண்கள் சீன ஆட்டக்காய்களை நகர்த்திக்கொண்டே மனப்போர் நடத்தும் காட்சியும் இங்கேதான் எடுத்தது. கதைப்படி அது சிங்கப்பூர். இரண்டு படத்திலும் வீடு அபாரமாக நடித்திருக்கிறது. நடிக்கக்கூடிய வீடு என்பது ஒரு பெருமைதான். ஆனால் குடித்தனம் நடக்கிற வீடு இவ்வளவு சுலபமாக வேறு ஊராகிவிடாது. கொடியில் உலரும் துணியும், அடுப்புப் புகையும், சுவரில் பிள்ளைகள் கிறுக்கிய கணக்கும் குறுக்கே வந்து நிற்கும்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் நழுவக்கூடாது. "ஹோட்டல் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? சுவரில் அரசு முளைத்து, கூரை உள்வாங்கி, ஒருநாள் இடித்துத் தள்ளியிருப்பார்கள். அப்போது உம்முடைய நடு அத்தியாயத்தோடு முதல் அத்தியாயமும் சேர்ந்து போயிருக்கும்" என்பார்கள். இதில் பாதிக்கு மேல் நியாயம். 38 அறையும் 220 ஜன்னலும் உள்ள வீட்டைச் சுண்ணாம்பும் அவுரியும் கொண்டு பராமரிக்க, அரசாங்கத்தால் ஆகாது. தனிக் குடும்பத்தாலும் ஆகாது. தங்க வருகிறவர் கொடுக்கும் பணம்தான் அந்தச் சுவரைத் தாங்குகிறது. நீல வீட்டைப் பொறுத்தவரை இந்தப் பதிலை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். மாளிகை ஹோட்டலாவது ஒருவகையில் பொருத்தமும்கூட. விருந்தாளிகளை வரவேற்று அந்தஸ்தைக் காட்டவே கட்டியது அது.

ஆனால் மாளிகைக்குப் பொருந்துகிற நியாயம் தெருவுக்குப் பொருந்தாது. ஒரு நகரத்தில் ஒரு மாளிகை ஹோட்டலானால் நகரம் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்று அர்த்தம். வரிசை வரிசையாகக் கடைவீடுகளெல்லாம் ஹோட்டலானால், காப்பாற்ற வந்த பொருளே காலாவதியாகிவிட்டது என்று அர்த்தம். விருந்தாளிகள் மட்டுமே இருக்கும் ஊரில் யார் யாரை உபசரிப்பது? தங்க வந்தவர் ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னலில் இன்னொரு தங்க வந்தவர் நிற்பார். இருவரும் உள்ளூர் வாழ்க்கையைப் படம் பிடிக்கக் கருவியைத் தூக்குவார்கள்!

இதற்கு மருந்து இல்லாமலில்லை. ஜார்ஜ் டவுனில் கணிசமான வீடுகள் சீனக் குலச் சங்கங்களுக்கும், கோயில்களுக்கும், பள்ளிவாசல் வக்ஃபுக்கும் சொந்தம். லாபம் ஒன்றையே பார்க்கவேண்டிய அவசியமில்லாத சொந்தக்காரர்கள் இவர்கள். அவர்கள் மனம்வைத்து, ஒரு பங்கு வீடுகளையாவது கட்டுப்படியாகும் வாடகைக்குக் குடித்தனங்களுக்கென்று வைத்தால், ஊர் ஊராகவே இருக்கும். முகப்பையும் ஓட்டையும் மாற்றக்கூடாது என்று விதி செய்ய முடிந்த சர்க்காருக்கு, உள்ளே குடியிருப்பவரைப் பற்றியும் ஒரு விதி செய்வது அசாத்தியமாக இராது. ஹோட்டல்காரர்களுக்கும் அதில் லாபம்தான். அவர்கள் விற்கிற சரக்கு பக்கத்து வீட்டில்தான் உற்பத்தியாகிறது.

ஹோட்டல்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். கட்டியவரின் படம் கூடத்தில் இருக்கட்டும். செப்பனிட்டவரின் பரிசுப் பத்திரமும் இருக்கட்டும். நடுவில் ஒரு பலகை வையுங்கள். இந்த வீட்டில் 1970இல் யார் யார் குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், என்ன வாடகை கொடுத்தார்கள், எப்போது எங்கே போனார்கள் என்று எழுதுங்கள். விசாரித்தால் தெரியாமல் போகாது; அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள், அதிக தூரத்திலும் இல்லை. இதனால் அறை வாடகை குறையப்போவதில்லை. நல்ல வாசகர் நடு அத்தியாயத்தைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவிடமாட்டார். அதற்கப்புறம்தான் முதல் அத்தியாயத்தையே நம்புவார்.

வாசகர்களில் யாராவது அந்தப் பக்கம் போவதாயிருந்தால் தாராளமாகத் தங்குங்கள். நீல வீட்டின் முற்றத்தில் மழை இறங்குவதைப் பார்ப்பது பார்க்கவேண்டிய காட்சிதான். அங்கேயானாலும், காலியிலானாலும், கொச்சியிலானாலும், சாவியைக் கையில் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டைக் கட்டியவர் யார் என்று கேட்கவேண்டாம். அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஹோட்டலாவதற்கு முன் கடைசியாக இங்கே குடியிருந்தது யார் என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருவதற்குள் பதில் தயாராகிவிடும்.